புகார் ஏதுமில்லை

அந்தப் பதிவேடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நீல அட்டை போட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய தடித்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஏழு கட்டங்கள் பிரித்திருந்தார்கள்: வரிசை எண், தேதி, பெயர், முகவரி, சர்வே எண், புகாரின் விவரம், எடுத்த நடவடிக்கை. பக்க எண்களைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், பத்தாவதுக்குத் தாவினேன். ஓர் எழுத்துகூட இல்லை. கட்டுமானம் தொடங்கிப் பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. பல நூறு ஏக்கரில் சூரிய மின் நிலையம் எழும்பி, முதல் கட்டம் மின் தொகுப்போடு இணைந்தும்விட்டது. நிலைய மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை சார்” என்றார். குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது. நானும் தலையசைத்தேன். கையிலிருந்த படிவத்தில் ‘குறைதீர்ப்பு முறை’ என்ற வரிக்கு எதிரே, ‘செயல்பாட்டில் உள்ளது, புகார் ஏதுமில்லை’ என்று எழுதினேன்.

கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்காகத் திட்ட இடங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். காற்றாலையோ சூரிய மின் நிலையமோ, அதனால் மண்ணுக்கும் நீருக்கும் பறவைக்கும் மனிதருக்கும் என்ன கேடு வரக்கூடும், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறார்கள், மீறி வந்தால் சொல்வதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2003-ல் பத்து வங்கிகள் சேர்ந்து, கடன் கொடுக்கும் திட்டங்களின் சமூக, சுற்றுச்சூழல் கேடுகளைக் கவனிப்பதற்கான ஈக்வேட்டர் கொள்கைகளை ஏற்றுக்கொண்டதிலிருந்து, பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுப்பதில் இது வழக்கமான ஒரு படியாகிவிட்டது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் எட்டுச் செயல்திறன் தரநிலைகள்தான் எங்கள் அளவுகோல். பாதிக்கப்படும் மக்கள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும் என்பதை முதல் தரநிலையே கேட்கிறது. ஆகவே எங்கே போனாலும் பதிவேட்டைக் கேட்பேன், எடுத்துக் காட்டுவார்கள், பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமையை நல்ல செய்தி என்றே இத்தனை ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறேன்.

வேலியோரம்

அன்று வேலை சீக்கிரம் முடிந்தது. வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் வேலியை ஒட்டி வெளிப்பக்கமாக நடந்தேன். ஆளுயரத்துக்கு மேல் கம்பி வலை, அதன் தலையில் மூன்று வரி முள்கம்பி. ஓரிடத்தில் வலையின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்கும் கீழே, கறுப்பும் பழுப்புமாக மயிர்க்கொத்துகள் சிக்கியிருந்தன. ஆட்டு மயிர். மூன்றடி அகலத்துக்கு ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சில கொத்துகள் வெயிலில் வெளுத்திருந்தன, சில புதியவை. அதற்கு இப்பாலும் அப்பாலும் வலை சுத்தமாக இருந்தது. ஆடுகள் அந்த ஓரிடத்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வந்து, முட்டி, உரசிப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. ஏன் அங்கே என்று குனிந்தபோதுதான் என் காலடி கண்ணில் பட்டது. நான் நின்றிருந்தது ஓர் ஒற்றையடிப் பாதையின் மேல். குளம்பு பட்டுப் பட்டு இறுகி, புல் முளைக்க மறந்துபோன மண். எனக்குப் பின்னாலிருந்து நேராக வந்த அந்தப் பாதை வேலிக்கு உள்ளேயும் தொடர்ந்தது. பேனல் வரிசைகளுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, வெளிறிய ஒரு கோடாகக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை போனது. மண்ணைச் சமன்செய்யாமல் விட்டிருந்த பகுதி அது, அதனால் தடம் அழியவில்லை. வெளியே, வலப்புறமாக, புதிதாக மிதிபட்ட ஒரு தடம் வேலியைச் சுற்றிக்கொண்டு போனது.

அந்தப் புதுத் தடத்தின் வழியாகத்தான் அவர் வந்தார். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, பின்னால் பதினைந்து இருபது ஆடுகள். நான் வேலியை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, ஏதாவது கிழிந்துவிட்டதா, ஆடு மேல் பழி வருமா என்ற பயத்தில்தான் முதலில் பேசினார். இல்லை என்று சொல்லி, இந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்டேன். குளத்துக்கு என்றார். முன்பு நேரே போனால் கொஞ்ச நேரத்தில் ஆடுகள் தண்ணீரில் வாய் வைத்துவிடும்; இப்போது முழு வேலியையும் சுற்ற வேண்டும்; உச்சி வெயிலில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை தவறிப்போனதைச் சொல்வது போலச் சொன்னார். அவரைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள், இரண்டு பேர் ஆடுகளை விற்றுவிட்டார்கள் என்பதும் பேச்சுவாக்கில் வந்தது.

“அலுவலகத்தில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்களே அம்மா, அதில் எழுதச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“போனேன் தம்பி. வாசலில் இருந்த பையன் நல்லவன்தான், உட்காரச் சொன்னான். எந்த சர்வே எண் என்று கேட்டான். எனக்கு ஏது எண்? ஆட்டுக்குத்தான் எண்ணிக்கை இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.”

இவ்வளவுதான் நடந்தது. மிரட்டலோ லஞ்சமோ எதுவும் இல்லை. ஏழு கட்டங்களில் ஐந்தாவது கட்டம், அதுவும் யாரோ நிலப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே போட்டுவைத்த ஒரு கட்டம், ஒரு முதியவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கட்டத்தை நான் பார்த்திருந்தேன். ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டியும் இருந்தேன். அந்த இரவு தூக்கம் வரவில்லை. இதற்கு முன் ‘புகார் ஏதுமில்லை’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவற்றில் எத்தனை இடங்களில் வேலியைச் சுற்றி நடந்திருக்கிறேன் என்று எண்ணினேன். ஒரு கை விரல்கள் போதுமானவையாக இருந்தன.

தரிசு என்ற சொல்

அறைக்குத் திரும்பியதும் அந்தத் திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். பிழை என்று விரல் வைத்துச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. நிலம் ‘தரிசு, பயன்பாட்டில் இல்லாதது’ என்று இருந்தது. செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது. அதில் பயிர் இல்லை, கட்டடம் இல்லை, மரமும் அதிகமில்லை. நிலத்தை உரிமையாளர்கள் மனமொப்பி விற்றிருக்கிறார்கள், விலையும் குறைவில்லை. எனவே கட்டாய இடப்பெயர்வு இல்லை, ஐந்தாவது தரநிலை பொருந்தாது என்று ஒரே பத்தியில் முடித்திருந்தார்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவில் நடந்தவரை அது சரிதான். ஆனால் பாதையை இழந்தவர் இந்த இருவரில் எவரும் இல்லை. அவர் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. பல ஆண்டுகளாக அந்த வழியே நடந்தார், அவ்வளவுதான். அதே ஐந்தாவது தரநிலையை நிதானமாகப் படித்தால், மேய்ச்சல் நிலத்துக்கும் தண்ணீருக்கும் மக்கள் போய்வருவதைத் தடுப்பதும் அதன் வரம்புக்குள் வருகிறது. பாதிக்கப்படுவோரை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது: சட்டப்படி உரிமை உள்ளவர்கள், பத்திரம் இல்லாவிட்டாலும் சட்டம் ஏற்கக்கூடிய கோரிக்கை உள்ளவர்கள், சட்டம் ஏற்கும் எந்த உரிமையும் இல்லாமல் நிலத்தைப் பயன்படுத்துபவர்கள். மூன்றாம் வகையினருக்கு நிலத்துக்கான விலை கிடைக்காது. ஆனால் அவர்களுடைய பிழைப்பு கெட்டால் அதை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு திட்டத்துக்கு உண்டு. இந்த வரிகள் மனப்பாடமாக எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்புகளில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். அந்த மூன்றாம் வகையினர் ஆடுகளோடு எதிரே வந்து நிற்கும்வரை அவர்களை நான் ஒரு பத்தி எண்ணாகவே அறிந்திருந்தேன்.

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் ஒரு வரிசை உண்டு. முதலில் தீங்கைத் தவிர், முடியாவிட்டால் குறை, பிறகு கெட்டதைச் சீர்செய், அதன் பிறகும் மிஞ்சுவதற்கு ஈடுசெய். அழகான வரிசை. ஆனால் மதிப்பீட்டுக் குழு களத்தில் கால் வைக்கும்போது பெரும்பாலும் நிலம் கைமாறிவிட்டிருக்கும். தரகர்கள் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்திருப்பார்கள், மின் விற்பனை ஒப்பந்தத்தில் தேதி குறித்திருப்பார்கள், துணை மின் நிலையம் எங்கே என்பதும் முடிவாகியிருக்கும். சூரிய மின் நிலையம் ஓராண்டுக்குள்கூட எழும்பிவிடும். அந்த வேகம்தான் அதன் பலம், அதுவே அதன் அபாயமும். ‘தவிர்’ என்ற முதல் படி, ஆய்வு தொடங்கும் முன்பே கைநழுவிப் போயிருக்கும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் என்று கணக்குப் போட்டு பேனல் வரிசைகளை வரையும் நாளில், ஒரு பாதையை விட்டுவைப்பதற்கு வரைபடத்தில் ஒரு கோடு போதும். தூண் அடித்து, கேபிள் பள்ளம் தோண்டி, இன்வெர்ட்டர் அறை கட்டிய பிறகு அதே பாதைக்கு இடம் தேடினால் பொறியாளர், ஒப்பந்ததாரர், வங்கி, காப்பீடு என்று அத்தனை பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டியிருக்கிறது.

பெரிய திட்டங்கள் சறுக்கி விழுந்த இடமும் இதுதான். நார்வேயின் போசன் தீபகற்பத்தில் ஸ்தூர்ஹேய்யா, ரோவான் என்ற இரு காற்றாலைத் தொகுதிகளில் 151 காற்றாலைகளை நிறுவினார்கள். அது சாமி என்ற பழங்குடி மக்கள் பனிக்காலத்தில் கலைமான் மேய்க்கும் இடம். 2021 அக்டோபரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், அந்த உரிமங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டைப் பின்பற்றும் உரிமையைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு மீறப்பட்டிருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். மான்களைப் பனிக்காலத்தில் அடைத்துவைத்துத் தீனி போடலாம், அதற்குப் பணம் கொடுத்துவிடலாம் என்று கீழ் நீதிமன்றம் கண்டிருந்த வழியை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மேய்ச்சல் அவர்களுக்கு வருமானம் மட்டுமே என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த வழி சரியாக வரும். தீர்ப்பு வந்தபோது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன, அதன் பிறகும் சுழன்றன. 500 நாட்கள் கடந்த பின் 2023-ல் இளைஞர்கள் அமைச்சக வாசல்களில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும்தான் உடன்பாடுகள் வந்தன. கென்யாவில் துர்கானா ஏரிக்கு அருகே 365 காற்றாலைகள், 310 மெகாவாட்; அந்த நாட்டுக்கே பெருமை தந்த திட்டம். அதற்கு நிலம் ஒதுக்கப்பட்ட முறை சட்டப்படி இல்லை என்று அங்குள்ள நீதிமன்றம் 2021-ல் சொன்னது. மேய்ச்சல் சமூகங்களின் பொது நிலம் அது, 1,50,000 ஏக்கர். இரண்டு இடத்திலும் காற்றாலையை யாரும் வெறுக்கவில்லை. நிலத்தின் மேல் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. அதைக் காலி நிலம் என்று படித்ததுதான் வினையாயிற்று.

என் நண்பர் ஒருவர் காற்றாலைப் பொறியாளர். இதையெல்லாம் சொன்னபோது அவர் வருத்தத்தோடு கேட்டார்: நிலக்கரிச் சுரங்கம் எத்தனை ஊர்களை விழுங்கியது, அணைகள் எத்தனை பேரை விரட்டின, அதையெல்லாம் விட்டுவிட்டு ஓர் ஆட்டுப் பாதைக்காக இதை நிறுத்தச் சொல்கிறாயா? நிறுத்தச் சொல்லவில்லை. புவி சூடாவதன் கொடுமை முதலில் விழுவதும் அந்த அம்மாவைப் போன்றவர்கள் தலையில்தான்; இந்த நிலையங்கள் இன்னும் வேகமாக எழ வேண்டும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் அவர் சொன்ன அணை உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். உலக அணைகள் ஆணையம் 2000-ல் வெளியிட்ட அறிக்கை, அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடி பேர்வரை இருக்கலாம் என்றது. அந்த இடைவெளியைப் பாருங்கள். நான்கு கோடி மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்போது யாரும் எண்ணி எழுதவில்லை. அணைகளும் ஒரு காலத்தில் நாளைய உலகத்தின் அடையாளமாகத்தான் கட்டப்பட்டன. நல்ல நோக்கத்தோடு கட்டப்படுவது யாரையும் மிதிக்காது என்ற நம்பிக்கையில் பதிவேடுகள் அன்றும் வெறுமையாக இருந்தன.

கவனிப்பதற்கு ஆகும் செலவைப் பற்றியும் நண்பரிடம் சொன்னேன், அவர் துறையிலிருந்தே. ஸ்பெயினின் தெற்குக் கோடியில், தாரிஃபா பகுதியில், காற்றாலைகளில் மோதிப் பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்தன. கண்காணிப்பாளர்களை நிறுத்தி, கழுகு ஆபத்தான நெருக்கத்துக்கு வரும்போது அந்த ஒரு காற்றாலையை மட்டும் சில நிமிடங்கள் நிறுத்தினார்கள். சாவு பாதியாகக் குறைந்தது. இழந்த மின்சாரம் 0.07 சதவீதம் என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வௌவால்களின் கதையும் அப்படித்தான். அவை அதிகம் பறப்பது காற்று மெல்ல வீசும் இரவுகளில். அந்த நேரத்தில் இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றன, ஆண்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. கழுகும் வௌவாலும் வந்து புகார் எழுதவில்லை. ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் யாரோ காலையில் நடந்து, செத்த உடல்களை எண்ணினார்கள். அந்த நடைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அதன் பிறகு

அறிக்கையை மாற்றி எழுதினேன். ‘புகார் ஏதுமில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘புகார் அளிக்கும் வழி நில உரிமையாளர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது, பாதை ஒன்று அடைபட்டிருக்கிறது’ என்று எழுதி, ஆட்டு மயிர் சிக்கிய வேலியின் படத்தையும் இணைத்தேன். கடன் கொடுத்த தரப்பிலிருந்து முதலில் வந்த கேள்வி, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்பது. நியாயமான கேள்வி, பதில்தான் என்னிடம் இல்லை. மேலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டிய மனிதர். பிறகு அவர்தான் இரண்டு பேரை அனுப்பி, ஐந்து நாள் சுற்று வட்டாரத்தில் விசாரித்து, யார் யார் அந்த வழியாகப் போனார்கள், எந்தப் பருவத்தில், எத்தனை கால்நடைகளோடு என்று எழுதி வாங்கினார். முப்பத்தொரு வீடுகள் வந்தன. பேனல்களை நகர்த்த முடியாது என்று பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். கேபிள் பள்ளத்தை ஒட்டிப் போகும் பராமரிப்புச் சாலைக்கு இருபக்கமும் வேலி போட்டு, இரண்டு முனையிலும் கேட் வைத்து, பகலில் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. பழைய பாதை அளவுக்கு நேர்வழி இல்லை. சுற்றியதில் பாதி மிச்சம். ஆடுகளை விற்றுவிட்ட அந்த இரண்டு வீடுகளுக்கு என்ன செய்வது என்பது நான் கடைசியாகக் கேட்டவரை முடிவாகவில்லை. விற்றது அவர்களே எடுத்த முடிவு என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் நான்கு பக்கம்.

எட்டு மாதம் கழித்து மறுபடி போனேன். பதிவேட்டை வாசலில் இருந்து எடுத்து, வேலிக்கு வெளியே ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கொட்டகையில், வாரம் இரண்டு நாள் ஒருவரை உட்காரவைத்து எழுதுகிறார்கள். சர்வே எண் கட்டத்தின் மேல் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்திருந்தார்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. பதினேழு புகார்கள் இருந்தன. தூசி, வேலைக்கு ஆள் எடுத்ததில் பாரபட்சம், மழைத் தண்ணீர் வேலியோரம் தேங்குவது, காவலாளி ஒருவரின் வாய்த்துடுக்கு. மேலாளர் கவலையோடு கேட்டார்: “போன முறை ஒன்றுமே இல்லை, இந்த முறை பதினேழு. அறிக்கையில் பார்த்தால் நிலைமை மோசமாகிவிட்டது போலத் தெரியாதா சார்?” அப்படித் தெரியாதபடி எழுதுவது என் பொறுப்பு என்றேன். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். நான்காவது பதிவு வேறொருவர் கையெழுத்தில் இருந்தது, பெயருக்கு எதிரே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. விவரம் கட்டத்தில் ஒரே வரி: ‘பின் கேட்டை மதியம் பூட்டிவிடுகிறார்கள். ஆடு தண்ணீர் குடிக்கும் நேரம் அதுதான்.’ எடுத்த நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது. நோட்டை மூடாமல் அப்படியே மேலாளர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் படித்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.